சேலத்தில் முதியோர் இல்லம் தேடுகிறவர்களுக்கு: படுத்துவிடும் நாளுக்குக் கணக்குப் போடுங்கள்

அப்பாவையோ அம்மாவையோ இல்லத்தில் சேர்ப்பது என்று முடிவான வீடுகளில் முதலில் வரும் கேள்வி, "மாசம் எவ்வளவு?" என்பதுதான். இல்லத்துக்காரர்களும் ஒரு தொகையைச் சொல்லிவிடுவார்கள். அந்தத் தொகை யாருக்கு? தானே எழுந்து, தானே குளித்து, தட்டில் போட்டதைத் தானே சாப்பிடுகிறவருக்கு. விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகோ, பக்கவாதத்துக்குப் பிறகோ, மறதி நோய் முற்றிய பிறகோ அந்தத் தொகைக்கு அர்த்தமே இல்லை. இல்லத்தைத் தேர்ந்தெடுப்பது, பணம் ஒதுக்குவது, ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுவது எல்லாவற்றையும் அவர் படுக்கையோடு ஆகிவிடும் நாளை மனதில் வைத்துத்தான் செய்ய வேண்டும்.

சேர்க்கைப் படிவத்தில் "தம் வேலைகளைத் தாமே செய்துகொள்ளும் நிலையில் உள்ளவர்கள் மட்டும்" என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், அந்த நிலை மாறும் நாளில் என்ன நடக்கும் என்று கேளுங்கள். மூன்றில் ஒன்று நடக்கும். கட்டணம் அடுத்த படிக்கு ஏறும். அல்லது, தனியாக ஒரு ஆளை உங்கள் செலவில் வைத்துக்கொள்ளச் சொல்வார்கள். அல்லது, இத்தனை நாளுக்குள் அழைத்துப் போங்கள் என்பார்கள். மூன்றாவதுதான் குடும்பத்தைக் கலங்கடிக்கும். ஆஸ்பத்திரியில் டிஸ்சார்ஜ் சொன்ன அன்றைக்கு, "எங்களிடம் திரும்பக் கூட்டி வர வேண்டாம்" என்று போன் வந்தால், வேறு இடம் தேட ஒரு இரவுகூட இருக்காது. எனவே எத்தனை நாள் அவகாசம் தருவார்கள், கட்டணம் எவ்வளவு ஏறும், யார் பார்த்துவிட்டு "இனி இவர் படுக்கை நோயாளி" என்று முடிவு செய்வார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். குறைந்தது 30 நாள் அவகாசம் இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டாம் என்பதே என் கருத்து.

மாதக் கட்டணத்துக்கு வெளியே என்னென்ன என்பதையும் ஒரே தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். டயப்பர், மருந்து, பிசியோதெரபி, டாக்டர் வந்து பார்க்கும் கட்டணம், ஆம்புலன்ஸ், ஆஸ்பத்திரியில் கூட இருக்க ஆள், தனி அறைக்கு மின்கட்டணம் இவையெல்லாம் பெரும்பாலும் வெளியேதான் இருக்கும். டயப்பரை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். பகலில் 2, இரவில் 1 என்றால் மாதம் 90. ஒன்று 40 ரூபாய் என்று வைத்தாலும் 3,600 ரூபாய். வயிற்றுப்போக்கு வந்த வாரத்தில் இது இரட்டிப்பாகும்.

திருப்பித் தரும் டெபாசிட் எவ்வளவு, திரும்பாத சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு என்று பிரித்துக் கேட்டு, இரண்டுக்கும் தனித்தனி ரசீது வாங்குங்கள். ஆஸ்பத்திரியில் இருக்கும் நாட்களுக்கும் முழுக் கட்டணமா, சாப்பாட்டுப் பணம் கழியுமா என்பதும் ஒப்பந்தத்தில் இருக்கட்டும். ஜிஎஸ்டி பற்றியும் கேட்க வேண்டும். அரசோ, வருமான வரித் துறையில் பதிவு பெற்ற அறக்கட்டளையோ நடத்தும் இல்லத்தில் 60 வயதுக்கு மேற்பட்டவருக்குத் தங்கும் இடம், உணவு, பராமரிப்பு எல்லாம் சேர்த்து மாதம் 25,000 ரூபாய் வரை என்றால் வரி இல்லை. தனியார் நிறுவனம் நடத்தினால் அந்த விலக்கு கிடையாது, 18 சதவீதம் சேரும். சொன்ன தொகை வரியோடா, வரி நீங்கலாகவா என்று தெரியாமல் போனால் 20,000 என்று நினைத்தது 23,600 ஆகி வந்து நிற்கும்.

பணம் எங்கிருந்து வரும்

மருத்துவக் காப்பீடு இருக்கிறதே என்று நம்பாதீர்கள். குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது, தூக்கி உட்காரவைப்பது போன்ற அன்றாடப் பராமரிப்புக்கு, வீட்டிலானாலும் இல்லத்திலானாலும், பணம் கிடையாது என்பது இந்தியாவில் மருத்துவ பாலிசிகளில் வழக்கமாக உள்ள விலக்கு. முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையும் ஆஸ்பத்திரி சிகிச்சைக்குத்தான். இல்லத்தின் மாதக் கட்டணம் முழுக்க முழுக்கக் கைக்காசு.

ஓய்வூதியம் போக மீதிக்கு, தபால் நிலையத்திலோ வங்கியிலோ உள்ள மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் நல்ல அடித்தளம். ஒருவர் 30 லட்சம் வரை போடலாம். 8.2 சதவீத வட்டியில் 3 மாதத்துக்கு ஒருமுறை 61,500 ரூபாய், அதாவது மாதம் 20,500 வரும். போட்ட நாளின் வட்டி 5 ஆண்டுக்கும் மாறாது. இங்கேதான் சிக்கல். வட்டி அப்படியே நிற்கும், கட்டணம் நிற்காது. இன்று 20,000 ரூபாய் கட்டணம் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறினால் 5-ஆம் ஆண்டில் 27,200 ஆகும், 9 ஆண்டு முடியும்போது 40,000 ஆகும். ஒப்பந்தத்தில் ஆண்டு உயர்வு எவ்வளவு என்று எழுதியிருக்கிறதோ அதை வைத்து இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்க வேண்டும். "அவ்வப்போது நிர்வாகம் முடிவு செய்யும்" என்று இருந்தால், அதற்கு ஒரு உச்சவரம்பு கேளுங்கள்.

30 லட்சத்தையும் ஒரே கணக்கில் போடாமல் பத்துப் பத்தாக மூன்று கணக்காகப் போடுவது நல்லது. ஒரு கணக்கிலிருந்து பாதிப் பணம் எடுக்க முடியாது, கணக்கையே மூட வேண்டும். ஓராண்டுக்கு மேல் 2 ஆண்டுக்குள் மூடினால் 1.5 சதவீதமும், அதன் பிறகு 1 சதவீதமும் பிடிப்பார்கள். திடீரென 6 லட்சம் வேண்டியிருந்தால் ஒரு கணக்கை மூடினால் போதும், மற்ற இரண்டும் வட்டி தந்துகொண்டிருக்கும். கணவன் மனைவி இருவர் பெயரிலும் தனித்தனியாகப் போட முடிந்தால் வரம்பும் இரட்டிப்பாகும். இதற்கு மேல் 6 மாதக் கட்டணம், அதுவும் படுக்கை நிலைக் கட்டணம், உடனே எடுக்கக்கூடிய வங்கி வைப்பில் இருக்கட்டும்.

சொந்த வீடு இருந்தால் வாடகைக்கு விட்டு அந்தப் பணத்தில் கட்டலாம். வீட்டை அடமானம் வைத்து மாதாமாதம் பணம் வாங்கும் ரிவர்ஸ் மார்ட்கேஜ் திட்டம் 2007 முதல் உண்டு. ஆனால் அது அந்த வீட்டிலேயே வாழ்கிறவர்களுக்கானது. ஓராண்டு தொடர்ந்து வீட்டில் இல்லாமல் இல்லத்துக்கோ உறவினர் வீட்டுக்கோ நிரந்தரமாகப் போய்விட்டால் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டிய நிலை வரும். இல்லத்துக் கட்டணத்துக்கு அதை நம்பி இறங்குவது ஆபத்து.

பிள்ளைக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்துவிட்டு, "மாசா மாசம் அவன் கட்டிடுவான்" என்று இருக்கும் பெரியவர்களை நினைத்தால் மனது பதைக்கிறது. எழுதிக் கொடுப்பதென்றால், பராமரிக்க வேண்டும், இல்லத்தில் இருந்தால் கட்டணம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதுங்கள். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-இன் 23-ஆம் பிரிவு, அப்படி நிபந்தனையோடு கொடுத்த சொத்தைப் பராமரிக்காதபோது ரத்து செய்ய வழி தருகிறது. நிபந்தனை இருந்தது என்று காட்ட வேண்டும் என 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025 ஜனவரியில் இன்னொரு வழக்கில், முதியோருக்குச் சாதகமாகவே சட்டத்தைப் பொருள்கொள்ள வேண்டும் என்றது. வழக்கில் போய் வாதாடுவதைவிட, பத்திரத்தில் இரண்டு வரி சேர்ப்பது எளிது.

பிள்ளைகள் கட்டணத்தை நிறுத்திவிட்டால், பெரியவர் வசிக்கும் கோட்டத்தின் வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.) தலைமையிலான தீர்ப்பாயத்தில் மனுக் கொடுக்கலாம். நோட்டீஸ் சேர்ந்ததிலிருந்து 90 நாளுக்குள் முடிக்க வேண்டும், தேவையானால் 30 நாள் நீட்டிப்பு உண்டு. ஆனால் இந்தச் சட்டத்தில் பராமரிப்புத் தொகையின் உச்சவரம்பு மாதம் 10,000 ரூபாய்தான். கட்டணம் அதற்கு மேல் இருந்தால் மீதிக்கு வழி வேறு பார்க்க வேண்டும். வழிகாட்டல் வேண்டுமானால் முதியோர் உதவி எண் 14567-ஐ அழைக்கலாம். அஸ்தம்பட்டி நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் கேட்கலாம்.

அடுத்தது பவர் பத்திரம். "அப்பாகிட்ட பவர் வாங்கி வெச்சிருக்கேன், கவலையில்லை" என்கிறவர்கள் கவனிக்க வேண்டும். எழுதிக் கொடுத்தவரின் மனநிலை தவறிவிட்டால் பவர் செல்லாது. மறதி நோய் முற்றும்போதுதான் அது அதிகம் தேவைப்படும், அப்போதுதான் அது கையில் இருக்காது. அதற்குப் பிறகு உயர் நீதிமன்றம் போய்க் காப்பாளராக நியமனம் பெற வேண்டியிருக்கும். அவருக்குத் தெளிவு இருக்கும்போதே ஓய்வூதியக் கணக்கையும் வைப்புகளையும், இருவரில் யாரும் எடுக்கலாம் என்ற முறையில் கூட்டுக் கணக்காக மாற்ற முடியுமா என்று வங்கியில் கேளுங்கள், நியமனதாரர் பெயரைச் சரிபாருங்கள். ஓய்வூதியக் கணக்கில் துணைவரை மட்டுமே சேர்ப்போம் என்று சில கிளைகள் சொல்லக்கூடும். கை நடுங்கிக் கையெழுத்துப் போட முடியாதவர், தெளிவோடு இருந்தால், பெருவிரல் ரேகையோ, அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகையோ வைத்துப் பணம் எடுக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். ரிசர்வ் வங்கியே இதற்கு வழிசெய்திருக்கிறது. கிளையில் தெரியாது என்றால் மேலாளரிடம் எழுதிக் கேளுங்கள்.

ஏடிஎம் அட்டையும் ரகசிய எண்ணும் எந்த ஊழியரிடமும் போகக் கூடாது. நல்ல ஊழியரானாலும் சரி. பணம் குறைந்த அன்று பழி அவர் மேல் விழும். ஓடிபி வரும் செல்போன் எண் யாரிடம் இருக்கிறது என்பதையும் சேர்க்கும் முன்பே முடிவு செய்துவிடுங்கள். ஓய்வூதியர் ஆண்டுதோறும் தரும் உயிர்வாழ்ச் சான்றை முகம் காட்டிச் செல்போனிலேயே கொடுக்கலாம். மத்திய அரசு ஓய்வூதியர்கள் இதை நவம்பரில் கொடுக்க வேண்டும், அவர்களில் 80 வயது ஆனவர்கள் அக்டோபரிலேயே கொடுக்கலாம். படுத்த படுக்கையாக இருப்பவருக்குத் தபால்காரரை வரவழைத்தும் முடிக்கலாம்.

மலைமேலா, அடிவாரத்திலா

ஏற்காட்டில் காற்று நன்றாக இருக்கிறது, அம்மாவுக்கு அமைதியாக இருக்கும் என்று நினைப்பது இயல்பு. நடமாட்டத்தோடு, நுரையீரலும் இதயமும் நன்றாக இருக்கும் ஒருவருக்கு அது சரிதான். மற்றவர்களுக்கு யோசிக்க வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம். சேலத்தைவிட அங்கே காற்றழுத்தம் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கு குறைவு, மூச்சில் போகும் ஆக்சிஜனும் அதே அளவு குறையும். புகைபிடித்துப் பழுதான நுரையீரலோ, இதயச் செயலிழப்போ உள்ளவருக்கு, அடிவாரத்தில் சமாளித்த மூச்சு மேலே திணறும். பார்க்கும் டாக்டரிடம் இதைத் தனியாகக் கேட்டுவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும்.

அடுத்து, பாதை. சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். இரவில் பனிமூட்டம், சனி ஞாயிறு வாகன நெரிசல், கோடை விழா நாட்களில் சொல்லவே வேண்டாம். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதை அடைபட்டபோது குப்பனூர் வழியாக ஏறும் மாற்றுப் பாதைதான் கைகொடுத்தது. பக்கவாதத்தில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும், அதற்கு முன் ஸ்கேன் எடுத்தாக வேண்டும். இரவு 2 மணிக்கு வாய் கோணியதை 5 மணிக்குத்தான் கவனித்து, வண்டி வந்து இறங்கினால் அந்த நேரம் கரைந்துவிடும். மலைமேல் உள்ள இல்லத்தில், இரவில் நிற்கும் வண்டி உண்டா, ஓட்டுநர் அங்கேயே தங்குகிறாரா என்று கேளுங்கள். வாரம் இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்கு இறங்க வேண்டியவரை மேலே வைப்பது அவருக்கும் துன்பம், அழைத்துப் போகிறவருக்கும் துன்பம்.

எஸ்டேட் சரிவுகளில் கட்டிய வீடுகளில் அறைக்கும் சாப்பாட்டுக் கூடத்துக்கும் நடுவே நாலு படி இருக்கும். வாக்கரில் நடப்பவருக்கு அது மதில்சுவர். சாய்தளம் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளமாவது இருக்க வேண்டும். குளிருக்கு வெந்நீர்ப் பை வைக்கும் பழக்கம் இருந்தால், சர்க்கரை நோயாளியின் காலில் வைக்கக் கூடாது என்று சொல்லிவையுங்கள். உணர்வு மரத்த காலில் சுட்டது அவருக்கே தெரியாது, கொப்புளம் புண்ணாகி ஆறாது. காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி வைத்திருப்பவருக்கு மின்வெட்டுதான் எதிரி. 5 லிட்டர் கருவி ஏறக்குறைய 350 வாட் இழுக்கும். 150 ஏஎச் (Ah) பேட்டரி ஒன்று உள்ள இன்வெர்ட்டரில் அது மூன்று மணி நேரம் ஓடினாலே அதிகம். ஜெனரேட்டர் இல்லாத இடத்தில், முழு ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்று எப்போதும் நிற்க வேண்டும்.

சேலம் நகருக்குள்ளோ அயோத்தியாப்பட்டணம், ஓமலூர் பக்கமோ உள்ள இல்லத்தில் இந்தச் சிக்கல்கள் இல்லை. அங்கே ஏப்ரல், மே வெயில்தான் பிரச்சினை. அஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே படுக்கை போட்டிருந்தால் வேண்டாம். வயதானவர்களுக்குத் தாகம் தெரிவது குறைவு. தண்ணீர் குறைந்தால் சிறுநீர்த் தொற்று வரும், தொற்று வந்தால் திடீரென்று மனம் குழம்பிப் பேசுவார்கள், அதை "வயசாச்சு, மறதி" என்று விட்டுவிடுவார்கள்.

போய்ப் பார்க்கும்போது

மாவட்டச் சமூக நல அலுவலகத்தில் பதிவு செய்த சான்றிதழ் இருக்கிறதா, அது நடப்பில் உள்ளதா என்பதை முதலில் பாருங்கள். பிறகு, சொல்லிவிட்டு ஒருமுறையும், சொல்லாமல் இரவு 7 மணி சாப்பாட்டு வேளையில் ஒருமுறையும் போங்கள். பகலில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள் என்பதைவிட, இரவு எத்தனை பேர், அவர்களில் நர்ஸ் உண்டா என்பதே முக்கியம். படுக்கையில் இருப்பவரைத் தூக்கி மாற்ற இரண்டு பேர் வேண்டும். இரவில் ஒரே ஆயாதான் என்றால் யாரையும் திருப்பிப் படுக்கவைக்க மாட்டார்கள், விடியும் வரை ஒரே பக்கம்தான்.

குளியலறைக்குள் போய்ப் பாருங்கள். வெஸ்டர்ன் டாய்லெட்டின் இருபுறமும் கைப்பிடி சுவரில் இறுகப் பதிந்திருக்கிறதா, கதவு வெளிப்பக்கம் திறக்கிறதா? உள்பக்கம் திறக்கும் கதவாக இருந்தால், உள்ளே விழுந்தவரின் உடம்பே கதவை அடைத்துக்கொள்ளும். அழைப்பு மணி படுக்கையில் படுத்தபடி கைக்கு எட்ட வேண்டும். அழுத்திப் பாருங்கள், யார் வருகிறார்கள், எவ்வளவு நேரத்தில் வருகிறார்கள் என்று பாருங்கள். அங்கே ஏற்கெனவே படுக்கையில் உள்ளவர்களின் அறையைக் காட்ட மறுத்தால், அந்த இல்லத்தை விட்டுவிடலாம்.

முடிந்தால் ஒரு மாதம் சோதனையாக இருந்து பார்க்கக் கேளுங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் சாப்பாடு குறையும், "என்னைக் கூட்டிட்டுப் போ" என்பார்கள். அதைக் கேட்டுத் தாங்குவது கஷ்டம். ஆனால் அந்த வாரங்களில் எடை எவ்வளவு குறைந்தது என்பதுதான் உண்மை நிலவரத்தைச் சொல்லும். சேர்க்கும் நாளில் எடை பார்த்து எழுதிவைத்து, மாதாமாதம் பார்க்கச் சொல்லுங்கள்.

சேர்த்த பிறகு எதைக் கவனிப்பது

முதலில் படுக்கைப் புண். எலும்புக்கும் மெத்தைக்கும் நடுவே தோல் நசுங்கி ரத்தம் போகாமல் இருப்பதால் வருவது. முதுகின் கீழே, குதிகால், இடுப்பின் பக்கவாட்டு ஆகிய இடங்களில் தொடங்கும். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுத்ததும் வெளுக்காமல் சிவப்பாகவே இருந்தால் புண் தொடங்கிவிட்டது என்று பொருள். 2 மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். ஏர் பெட் வாங்கிப் போட்டால் போதும் என்பது தவறு, அது உதவுமே தவிரத் திருப்பும் வேலையை நிறுத்தாது. பெட்டுக்குக் காற்றடிக்கும் மோட்டாரின் பிளக்கை செல்போன் சார்ஜுக்காகப் பிடுங்கிவிடுவதும் நடக்கும். போகும்போதெல்லாம் அம்மாவை ஒருக்களித்துப் படுக்கச் செய்து முதுகையும் குதிகாலையும் நீங்களே பாருங்கள். கூச்சம் பார்க்க வேண்டாம். சுவரில் மாட்டியிருக்கும் நேர அட்டவணையில் மாலை 6 மணிக்கான கையொப்பம் மதியமே போடப்பட்டிருந்தால், அந்த அட்டவணையை நம்பாதீர்கள்.

சர்க்கரை நோய்க்கு வேறு விதமான கவனம். இன்சுலினையோ கிளிமிபிரைடு மாத்திரையையோ கொடுத்துவிட்டுச் சாப்பாடு தாமதமானால் சர்க்கரை விழும். வியர்த்து, தடுமாறி, தூங்குவது போலக் கிடப்பார். இரவுச் சாப்பாடு 7 மணி, காலை இட்லி 9 மணி என்றால் நடுவே 14 மணி நேரம். படுக்கும் முன் பால், ரொட்டி ஏதாவது தருகிறார்களா என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஒரு நேரம் சாப்பிடாவிட்டால் மருந்தை என்ன செய்வது என்று டாக்டரிடம் எழுதி வாங்கி நர்ஸிடம் கொடுங்கள். மருந்துகளை அட்டையோடு, பெயர் தெரியும்படி கொடுங்கள். புதிதாகத் தூக்க மாத்திரை எதுவும் உங்களைக் கேட்காமல் சேர்க்கக் கூடாது. இரவில் சத்தம் போடுகிறார் என்று மயக்கத்தில் வைத்தால், மறுநாள் தடுமாறி விழுவதும், சாப்பாடு புரையேறி நிமோனியா வருவதும் அதன் தொடர்ச்சிதான்.

மூக்கில் டியூப் வழியாக உணவு போனால், ஊட்டும்போதும் அதன் பிறகு குறைந்தது அரை மணி நேரமும் தலைப்பக்கம் உயர்ந்திருக்க வேண்டும். யூரின் டியூப் மாற்றிய தேதி எழுதியிருக்க வேண்டும். கண்ணாடி, பல்செட், காது மெஷின் மூன்றிலும் பெயர் எழுதுங்கள். இல்லங்களில் எளிதில் காணாமல் போவது இவைதான், இல்லாமல் போனால் சாப்பாடும் பேச்சும் நின்றுவிடும். உடைகளில் அழியாத மையால் பெயர் இருக்கட்டும்.

ஆஸ்பத்திரிக்கு எங்கே கொண்டு போவது, யாருக்குப் போன் செய்வது, உங்களைப் பிடிக்க முடியாவிட்டால் அடுத்து யார் என்பதைச் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுங்கள். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையா, தனியாரா, காப்பீட்டு அட்டையின் நகல் எங்கே இருக்கிறது எல்லாம் அதில் வர வேண்டும். வென்டிலேட்டர் வேண்டாம் என்பது போன்ற விருப்பம் பெரியவருக்கு இருந்தால், 2023-இல் உச்ச நீதிமன்றம் எளிமையாக்கிய முறையில் இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ கெசட்டெட் அலுவலரிடமோ சான்று பெற்று எழுதிவைக்கலாம். அதன் நகல் இல்லத்திலும் இருக்கட்டும்.

இல்லத்திலேயே இறந்தால், இறப்பைப் பதிவது இறந்த இடத்தில்தான், சொந்த ஊரில் அல்ல. ஏற்காட்டில் இறந்தவருக்கு அங்கே, சேலம் மாநகராட்சிக்குள் இறந்தவருக்கு மாநகராட்சியில். 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். ஆதாரில் உள்ளபடியே பெயர் இருக்கிறதா என்று சான்றிதழை அங்கேயே சரிபாருங்கள், ஒரு எழுத்து மாறினாலும் வங்கியில் நிற்க வேண்டிவரும். டெபாசிட் யார் பெயருக்கு, எத்தனை நாளில் திரும்பும் என்பதும் சேர்க்கையின்போதே ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் நாலு பேர் என்றால் ஒரே ஒருவர் பெயரைக் குறிப்பிட்டு, மற்றவர்களிடமும் அதே தாளில் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.